கருவிக்கு முன்னால் புத்தகம்: மின்வாசிப்பான் வாங்கப் போகிறவர்களுக்கு

நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்வதைப்போல, மின்னூல் படிக்கும் கருவியான மின்வாசிப்பான் எதுவானாலும் அதை அமேசானின் கருவிப் பெயரால் கிண்டில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புதிதாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: “எந்தக் கிண்டில் வாங்கலாம்?” நான் பதில் சொல்வதில்லை. “கடைசியாகப் படித்த பத்துப் புத்தகங்கள் என்னென்ன?” என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்கு எரிச்சல் வரும். வரட்டும். நினைவகம், திரைத் துல்லியம், மின்கலம் என்று எல்லாவற்றையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டு வாங்கியவர்களின் வீட்டில் கருவி தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் ஒன்று கிடந்தது.

நான் முதலில் வாங்கியது பத்தங்குலத் திரையும் பேனாவும் கொண்ட பெரிய கருவி. படித்துக்கொண்டே ஓரத்தில் குறிப்பெழுதும் அறிஞன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு கற்பனை இருந்தது. உண்மையில் நான் படித்தவை நாவல்களும் சிறுகதைகளும். படித்த இடங்கள் கட்டிலும் பேருந்தும். மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தப் பலகையைத் தூக்கிப் பிடித்தால் கால் மணி நேரத்தில் தோள் கடுத்தது. மூன்றாவது வாரம் அது அலமாரிக்குப் போய்விட்டது. அடுத்து வாங்கிய ஆறங்குலக் கருவிதான் பல ஆண்டுகள் என் கூடவே திரிந்தது. அதன் முடிவு வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை: பத்துப் புத்தகங்கள்

ஒரு தாளை எடுத்துக் கடைசியாகப் படித்த பத்துப் புத்தகங்களை எழுதுங்கள். படிக்க விரும்பும் புத்தகங்களை அல்ல, படித்து முடித்தவற்றை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு செய்திகள் வேண்டும்: அது எந்த மாதிரியான நூல், மின்னூலாக அது எங்கே கிடைக்கிறது?

நாவல், கட்டுரை, வாழ்க்கை வரலாறு என்று எழுத்து மட்டுமே ஓடும் நூல்கள் ஒரு வகை. இவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து திரைக்கு ஏற்ப அமைந்துகொள்ளும். படங்களும் சூத்திரங்களும் அட்டவணைகளும் நிறைந்த பாடநூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், பழைய நூல்களைப் படம்பிடித்து உருவாக்கிய பிடிஎஃப்கள் எல்லாம் இன்னொரு வகை. சித்திரக்கதைகள் மூன்றாவது.

இரண்டாவது செய்தியைத்தான் பலர் கவனிப்பதில்லை. தமிழில் நல்ல நூல்கள் பல இன்னும் மின்னூலாகவே வரவில்லை. அடுத்து படிக்க நினைக்கும் ஐந்து தமிழ் நூல்களைக் கருவி வாங்குவதற்கு முன்பே மின்னூல் கடைகளில் தேடிப் பாருங்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் அச்சு நூலையே வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது கைப்பேசியைப் போன்ற திரை அல்ல

மின்வாசிப்பானின் திரையில் முடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கின்றன. மின்புலம் ஒரு பக்கம் இழுத்தால் வெள்ளை மேலே வரும், மறுபக்கம் இழுத்தால் கறுப்பு. அவ்வளவுதான் சூட்சுமம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த யோசனையைக் கொண்டு 1997இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே இந்தத் திரையோடு சந்தைக்கு வந்த முதல் வாசிப்பான். முதல் கிண்டில் வந்தது 2007 நவம்பரில்.

துகள்கள் ஓரிடத்துக்குப் போய்விட்டால் அங்கேயே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாறும்போது மட்டுமே தேவை. மின்கலம் வாரக்கணக்கில் தாங்குவது இதனால்தான். ஆனால் ‘ஆறு வாரம்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாளுக்கு அரை மணி நேரம், கம்பியில்லா இணைப்பு அணைத்த நிலையில், மிதமான வெளிச்சத்தில் என்று கீழே பொடியெழுத்தில் போட்டிருப்பார்கள். 42 நாளுக்கு அரை அரை மணி என்றால் மொத்தம் 21 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு அது பத்து நாள் கணக்கு. அதுவே தாராளம்தான்.

துகள்கள் நகர்வதால் பக்கம் திருப்பும்போது ஒரு சிமிட்டல் இருக்கும். சில சமயம் திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து வெளுக்கும். முந்தைய பக்கத்தின் மங்கலான நிழலும் தெரியலாம். புதிதாக வாங்கியவர்கள் கெட்டுப்போன கருவியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். கருவியில் கோளாறு இல்லை. அந்தக் கறுப்புச் சிமிட்டல் நிழலைத் துடைப்பதற்காகவே வருகிறது. நிழல் கண்ணை உறுத்தினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

கைப்பேசித் திரை பின்னாலிருந்து கண்ணை நோக்கி ஒளி வீசுகிறது. மின்வாசிப்பானில் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளின் ஒளி திரையின்மேல் படர்ந்து, காகிதத்தில் படுவதைப்போலப் பட்டுத் திரும்புகிறது. வெயிலில் நின்று படிக்க இதற்கு இணை இல்லை. இதைக் கண்ணுக்கு மருந்து என்று விற்பவர்களை மட்டும் நம்பவேண்டாம். காகிதத்தில் மூன்று மணி நேரம் விடாமல் படித்தாலும் கண் களைக்கத்தான் செய்யும்.

எந்த அளவு?

எழுத்து மட்டுமே ஓடும் நூல்கள் உங்கள் பட்டியலில் ஏழெட்டு இருந்தால் ஆறு அல்லது ஏழு அங்குலம் போதும். இந்தக் கருவிகள் சுமார் 150 முதல் 220 கிராம் எடையில் வருகின்றன. ஒரு கையில் பிடித்துப் பெருவிரலாலேயே பக்கம் திருப்பலாம்.

பிடிஎஃப் வாசகர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆறங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ. தாள் முழுவதையும் அந்தத் திரையில் அடக்கினால் 11 புள்ளி (பாயிண்ட்) அளவுள்ள எழுத்து ஐந்து புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். மருந்து அட்டையின் பின்புறத்தில் இருக்குமே, அந்த அளவு. கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் ஆறு புள்ளியைத் தாண்டும், அவசரத்துக்கு உதவும். 10.3 அங்குலத் திரையில் எட்டு புள்ளி வரும். பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டிவிட்டால் ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே படிக்கலாம். பட்டியலில் பாதிக்குமேல் பிடிஎஃப் இருந்தால் பெரிய திரைக்குப் போங்கள், அல்லது அவற்றுக்கு மட்டும் கணினியை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எட்டங்குலம் என்று சமரசம் செய்துகொண்டவர்கள் இரண்டுக்கும் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள்.

துல்லியத்தைப் பொறுத்தவரை அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறைந்ததை இப்போது வாங்கவேண்டாம். ஆங்கிலத்துக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். தமிழில் ண, ன, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன. பழைய 167 புள்ளித் திரையில் ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் இடம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டியிருந்தது.

எந்தக் கடைக்கு வாக்கப்படுவது?

கருவி வாங்குவது பாதி வேலை. கூடவே ஒரு கடையோடும் உறவு வைத்துக்கொள்கிறோம். இந்த முடிவுதான் கடைசிவரை தொடரும்.

மின்னூல்களின் பொது வடிவம் இபப். கோபோ, பாக்கெட்புக் நிறுவனங்களின் கருவிகள் அதை நேரடியாகத் திறக்கும். கிண்டில் முக்கியமாகத் தன் சொந்த வடிவங்களையே படிக்கும். இபப் கோப்பைக் கம்பி வழியாக அதில் ஏற்றினால் திறக்காது. ஆனால் அமேசானின் ‘செண்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்பினால் 2022 முதல் அதுவே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் போன்ற கருவிகளில் பல கடைகளின் செயலிகளையும் நிறுவிக்கொள்ளலாம். சுதந்திரம் அதிகம், அலைபாய்வதற்கான வழிகளும் அதிகம். வாசிப்பானில் மின்னஞ்சல் வந்துவிட்டால் அது வாசிப்பானாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது என் எண்ணம்.

தமிழ் நூல்களுக்கு என்று பார்த்தால் கிண்டில் கடைக்கு ஒரு முன்னிலை இருக்கிறது. 2016 இறுதியில் அங்கே இந்திய மொழி நூல்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோதே தமிழும் அதில் இருந்தது. நூலகத்தில் மின்னூல் இரவல் வாங்குபவர்களுக்கு வேறு கணக்கு. நூலகங்கள் பயன்படுத்தும் ஓவர்டிரைவ் வசதி கோபோ கருவிகளுக்குள்ளேயே இருக்கிறது. கிண்டிலில் அந்த இரவல் அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே செல்லும். உங்கள் நூலகம் இந்தச் சேவையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு காசைக் கொடுப்பது நல்லது. பெரும்பாலான கடைகளில் நாம் வாங்குவது நூலை அல்ல, அதைப் படிப்பதற்கான உரிமத்தை. 2009 ஜூலையில், விற்றவரிடம் பதிப்புரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து ஒரு நாவலைத் தொலைவிலிருந்தே அமேசான் நீக்கியது. பணம் திரும்பி வந்தது, நிறுவனமும் பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்த நாவல் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அங்கே வாங்கிய நூல்கள் எல்லோரிடமும் மறைந்தன. அப்போதும் பணம் திரும்பக் கிடைத்தது. வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வழியையும் 2025 பிப்ரவரியில் அடைத்துவிட்டார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடும் நூல்களுக்கு உரிமம் போதும். வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் புரட்டப் போகும் நூலை அச்சிலும் ஒரு பிரதி வாங்கிவிடுகிறேன், அவ்வளவுதான்.

தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள்

கடையிலோ நண்பரிடமோ ஐந்து நிமிடம் கருவி கைக்குக் கிடைத்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு சிறு கோப்பில் இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்து, இபப்பாக மாற்றி (கிண்டில் என்றால் ‘செண்ட் டு கிண்டில்’ வழியாக) ஏற்றுங்கள்: தெப்பம், தேர், கை, கொண்டை, கோழி, கௌரவம், ஸ்ரீ, லக்ஷ்மி.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘தெ’ என்பது முதலில் ‘த’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அதற்கு அது தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனியாக, ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். ‘கொண்டை’ இரண்டு துண்டாகச் சிதறும். ‘ஸ்ரீ’ பிரிந்து நிற்கும். எல்லா இடத்திலும் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கிண்டில், கோபோ இரண்டிலும் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற கோப்புறையில் நம் எழுத்துருவைப் போட்டுக்கொள்ள முடியும் என்பதால் அது தீர்க்கக்கூடிய குறை. கொம்பு இடம் மாறிப்போனால் அது மென்பொருளின் குறை, எழுத்துருவை மாற்றி எப்போதும் தீர்த்துவிட முடியாது. அந்தக் கருவியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சோதனையில் ‘கௌரவம்’ சேர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல மின்னூல்களில் ‘கௌ’வுக்குப் பதில் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது. ஒரு நாவலில் கௌசல்யா என்ற பாத்திரத்தைத் தேடி, நூல் முழுவதும் அவளே இல்லை என்று கருவி சாதித்தது. அவளோ என் கண் முன்னால் திரையில் பேசிக்கொண்டிருந்தாள்.

கூடுதல் வசதிகள், சுருக்கமாக

வெளிச்சத்தின் நிறத்தை மஞ்சளாக்கும் வசதி இரவில் படிப்பவர்களுக்குத் தேவை. பக்கம் திருப்பப் பொத்தான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாழலாம். நீர் புகாமையைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்8 என்ற குறியீடு போட்டிருந்தால் இரண்டு மீட்டர் நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். குளியல் தொட்டியில் படிப்பவர்கள் யாரையும் நான் சந்தித்ததில்லை, ஆனால் மழை எல்லோரையும் சந்திக்கிறது. நினைவகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு நாவல் பெரும்பாலும் ஒரு எம்பியைச் சுற்றித்தான் வரும். 16 ஜிபியை எழுத்தால் நிரப்ப ஓர் ஆயுள் போதாது.

வண்ணத் திரையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது பரவலாக வரும் கலீடோ 3 திரையில் கறுப்பு வெள்ளை 300 புள்ளியாக இருக்க, வண்ணம் 150 புள்ளிதான். மேலே ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் வெள்ளைப் பக்கம் சாம்பல் பூத்துத் தெரியும். அதை ஈடுகட்ட விளக்கை எப்போதும் எரியவிட வேண்டும். சித்திரக்கதை வாசகர்களுக்கு அந்த விலை தகும். அட்டைப்படத்தை வண்ணத்தில் பார்ப்பதற்காக மட்டும் வாங்கவேண்டாம்.

முதல் நாள் மாலை

பெட்டியைப் பிரித்ததும் நூறு நூல்களை ஏற்றாதீர்கள். ஒரே ஒரு நூல், அதுவும் ஏற்கெனவே பிடித்துப்போன எழுத்தாளருடையது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைச் சீர்செய்யுங்கள். இந்த அரை மணி நேரம்தான் கருவி உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் எழுத்தின் அளவு. தமிழில் இது ஆங்கிலம் போல எளிதல்ல. நம் சொற்கள் நீளமானவை. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்று ஒரு சொல் வந்தால் ஆறங்குலத் திரையில் கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு முழு வரியையும் அதுவே அடைத்துக்கொள்ளும். அந்தச் சொல் இந்த வரியில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், இங்கே எஞ்சியிருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். இருபுறமும் சமமாக நிரவும் அமைப்பின் கைங்கரியம் அது. செய்யவேண்டியது இரண்டு. நிரவலை அணைத்து இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். வலப்பக்கம் ஏறி இறங்கி நின்றால் நிற்கட்டும். பிறகு வரிக்கு நான்கைந்து சொற்களாவது வரும் அளவுக்கு எழுத்தைக் குறையுங்கள். கண் ஒத்துழைக்காதவர்கள் பெரிய எழுத்தையே வைத்துக்கொண்டு பக்க ஓரங்களைக் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவரலாம். அதிலும் தீராவிட்டால் ஏழங்குலம்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழில் மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகர வாலும் உண்டு. ‘கு’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் முட்டுகிற மாதிரி நெருக்கமாக இருந்தால் காரணம் தெரியாமலே பக்கம் அலுப்பூட்டும். ஒரு படி கூட்டிப் பாருங்கள். எழுத்துரு மெலிந்து தெரிந்தால் தடிமனைக் கூட்டும் வசதியையும் பயன்படுத்துங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் எனக்கு ஒத்துவருகிறது, இலவசமாகவே கிடைக்கிறது. கோடுகள் ஒரே தடிமனாக வேண்டுமென்றால் முக்தா மலர்.

வெளிச்சத்தைச் சுற்றியிருக்கும் ஒளிக்கு ஏற்ப வைக்கவேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தாளைவிடத் திரை பளிச்சென்று தெரிந்தால் அது அதிகம்.

கடைசியாக, கீழே ஓடும் சதவீதத்தையும் ‘இந்த அத்தியாயத்தில் இன்னும் 6 நிமிடம்’ என்ற அறிவிப்பையும் மறைத்துவிடுங்கள். கதையில் ஒருத்தி செத்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் கடிகாரம் ஓடுவது அவ்வளவு நன்றாக இல்லை.

நூல்களை ஏற்றுவது

பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களே ஒருவருக்கு வாழ்நாளுக்குப் போதும். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டத்தில் ஆங்கிலத்தையே முதன்மையாகக் கொண்டு 70,000க்கும் மேற்பட்ட நூல்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழுக்கு 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை வைத்திருக்கிறது. இக்கால எழுத்தாளர்கள் பலர் பொது உரிமத்தில் தாங்களே கொடுத்த நூல்கள் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கிடைக்கும். அங்கே இபப்போடு ஆறங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப்பும் இருக்கும் என்பது தனிச் சிறப்பு.

கணினியில் நூல்களை அடுக்கிவைக்க, வடிவம் மாற்ற, கருவிக்கு அனுப்ப எல்லாவற்றுக்கும் காலிபர் என்ற இலவச மென்பொருள் ஒன்றே போதும். கோவித் கோயல் 2006இல் தன் சோனி வாசிப்பானுக்காக எழுதத் தொடங்கியது அது. முகப்பு கொஞ்சம் மிரட்டும். நூலைச் சேர்ப்பது, மாற்றுவது, அனுப்புவது என்ற மூன்று பொத்தான்களைத் தவிர மற்றவற்றை ஓராண்டுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: தமிழ் நூலின் விவரங்களில் மொழி ‘தமிழ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் கருவி ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வரும்.

கம்பியைச் சொருகியும் கணினியில் கருவி தெரியவில்லையா? கருவியைக் குறைசொல்வதற்கு முன் கம்பியை மாற்றுங்கள். மின்னேற்றம் மட்டும் செய்து கோப்புகளைக் கடத்தாத கம்பிகள் எல்லா வீட்டிலும் நாலைந்து இருக்கும். வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான்.

பழைய தமிழ் பிடிஎஃப்பை இபப்பாக மாற்றினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ ரகசிய மொழி வருகிறதா? யூனிகோடு பரவுவதற்கு முன்பு டிஸ்கி, பாமினி போன்ற முறைகளில் தட்டச்சு செய்த நூல் அது. அந்த முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. பக்கங்கள் வெறும் படங்களாக இருந்தால் எழுத்துணரி மென்பொருள் வழியாக எடுக்கவேண்டும். பிழைதிருத்தப் பொறுமை வேண்டும். ஒரு நூலுக்காக அந்த வேலையைச் செய்திருக்கிறேன். இரண்டாவது நூலுக்குச் செய்யவில்லை.

படிக்கத் தொடங்கிய பிறகு

ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி வரும். ஆங்கில நாவல் படிக்கத் தயங்கியவர்களை இந்த ஒரு வசதி எங்கோ கொண்டுபோய்விடும். தமிழில் இது பாதி தூரம்தான் உதவும். அகராதியில் ‘வா’ இருக்கும், ‘வந்துகொண்டிருந்தவரிடமிருந்து’ இருக்காது. வேர்ச்சொல்லை நாமே கண்டுபிடித்துத் தேடவேண்டும்.

அடிக்கோடிட்ட வரிகளைக் கிண்டில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் சேர்த்துவைக்கிறது. பிற நூல்களிலிருந்து எடுத்தவையும் அதிலேயே இருக்கும். மாதம் ஒருமுறை அதைக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். இழந்தபிறகுதான் அதன் அருமை தெரியும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று நூல்களைக் குவிக்கும் நோய் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. முந்நூறு தலைப்புகள் இருந்த காலத்தில்தான் மிகக் குறைவாகப் படித்தேன். ஒவ்வொரு நூலின் முதல் அத்தியாயத்தையும் கொறித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தேன். இப்போது கருவியில் ஐந்து நூல்கள் மட்டும். ஒன்றை முடித்தால் ஒன்றை ஏற்றுவேன். விமானப் பயண நிலையில் வைத்துவிட்டால் கடையின் பரிந்துரைகளும் எட்டிப் பார்க்காது, மின்கலமும் மிஞ்சும்.

பாதுகாப்பு

நீண்ட நாள் எடுத்துவைப்பதாக இருந்தால் மின்கலத்தைப் பாதி அளவில் வையுங்கள். முழுக்க வடியவிட்டு மாதக்கணக்கில் விடவேண்டாம். வேறொருவருக்குக் கொடுக்கும்போது கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வாங்கும் நூலுக்கு உங்களுக்குப் பில் வரும். மற்றபடி இந்தக் கருவிக்கு எதிரி ஒன்றே ஒன்றுதான்: அழுத்தம். தொடும் பரப்பு காகிதம்போல இருந்தாலும் பெரும்பாலான மின்வாசிப்பான்களின் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. கீழே விழுந்து தப்பித்துவிடும் கருவி, பையில் சாவிக்கொத்துக்கும் புத்தகக்கட்டுக்கும் நடுவில் நசுங்கி உடைந்துபோகும். முன்பக்கத்தை மூடும் கெட்டியான உறை ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

நான் வாங்கவில்லை. என் ஆறங்குலக் கருவி எஃகுத் தண்ணீர்ப் புட்டியோடு ஒரே பையில் பேருந்தில் போனது. நெரிசலில் யாரோ பையின்மேல் சாய்ந்தார்கள். வெளியே எடுத்தபோது மேலே ஒரு கீறல்கூட இல்லை; கீழ்ப்பாதி முழுவதும் கோடு கோடாக உறைந்திருந்தது. மின்கலம் எப்போதோ செத்துவிட்டது. துகள்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மேல்பாதியில் பதினான்காம் அத்தியாயத்தின் முதல் ஏழு வரிகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.